பாராலீகல் டிப்ளமோவா, சட்டப் பட்டமா? கொழிஞ்சாம்பாறை மாணவிக்கு ஒரு பதில்

அம்மிணி, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டீர்கள். ஒரு வருட ஆன்லைன் பாராலீகல் டிப்ளமோ படித்தால் கோர்ட்டில் வேலை உறுதி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை நம்பிப் பணம் கட்டலாமா என்பது முதல் கேள்வி. பி.ஏ. லீகல் ஸ்டடீஸ், ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி., ஏதாவது பட்டம் முடித்துப் பிறகு மூன்றாண்டு எல்எல்.பி., இவற்றில் எதை எடுப்பது என்பது இரண்டாவது. வீடு கேரளத்தில், உறவில் பாதி பொள்ளாச்சியில். எங்கே படித்தால் எங்கே தொழில் செய்யலாம் என்பது மூன்றாவது. பாலக்காடு மாவட்டத்தில், அதுவும் சித்தூர் தாலூக்காவில் பல ஆண்டுகளாக வழக்கறிஞராக இருப்பவன், சட்டத் தன்னார்வலர்களுக்கு வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு உடனடிப் பதில்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். இந்தியாவில் பாராலீகல் என்று உரிமம் பெற்ற தொழில் எதுவும் இல்லை. அமெரிக்காவில் வழக்கறிஞர் அலுவலகங்களில் ஆவணம் தயாரிக்கவும் விவரம் திரட்டவும் அந்தப் பெயரில் ஆட்களை வைத்துக்கொள்கிறார்கள். இங்கே 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வழக்கறிஞர் தொழில் செய்ய முடியும். பதிவில்லாமல் செய்தால் 45ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. டிப்ளமோ படித்தால் விஷயம் தெரிந்துகொள்ளலாம், அதில் தவறில்லை. கோர்ட்டில் வேலை உறுதி என்று சொல்லி அதை விற்பதுதான் பொய். தென்னந்தோப்பிலும் கள்ளுத் தொழிலிலும் உழைத்துச் சேர்த்த பணம் அப்படிப் போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பட்டம் இல்லாமலே சட்டத்தை ஒட்டி வேலை செய்யும் வழிகள் நம் ஊரில் எப்போதும் இருந்திருக்கின்றன. வக்கீல் குமாஸ்தா ஒருவர். வழக்கு எண், வாய்தா, நகல் மனு, கோர்ட் கட்டணம் எல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். புதிதாக வரும் வக்கீலுக்கு நடைமுறையைக் கற்றுக்கொடுப்பதே பெரும்பாலும் அவர்தான். கேரளத்தில் ஆதாரம் எழுத்துக்காரர், தமிழ்நாட்டில் பத்திர எழுத்தர் இன்னொருவர். இவருக்கு உரிமம் வேண்டும். கேரளத்தில் 1960ஆம் ஆண்டு விதிகளும் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு விதிகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. மூன்றாவது ஆள்தான் உங்களுக்கு முக்கியம்: இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் கொண்டுவந்த திட்டம் இது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் நல்லது என்பதே எதிர்பார்ப்பு. ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எனப் பலரையும் எடுக்கிறார்கள். சட்ட மாணவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை இதில் இருக்கலாம். பயிற்சி இலவசம். வேலை செய்யும் நாளுக்கு மதிப்பூதியம் தருவார்கள். அது சம்பளம் அல்ல. உதவி கேட்டு வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நீங்கள் விசாரித்த பாராலீகல் பயிற்சியில் உண்மையாகப் பயனுள்ள பகுதி எதுவோ, அது இங்கே காசில்லாமல் கிடைக்கிறது.

இனி, எல்லைப்புறத்தில் சட்டம் தெரிந்த ஒருவருக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் கட்சிக்காரர் கொண்டுவரும் பிரச்சினையில் யார் சரி, யார் தவறு என்பதற்கு முன்பே ஒரு கேள்வி நிற்கும்: இதை எங்கே போய்ச் சொல்வது? வேலந்தாவளத்தில் ஓடையைத் தாண்டினால் போலீஸ் ஸ்டேஷன் மாறுகிறது, தாலூக்கா ஆபீஸ் மாறுகிறது, உயர் நீதிமன்றமும் மாறுகிறது. இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் சொல்ல ஆளில்லாமல், இரண்டு பக்கமும் பஸ் ஏறி இறங்கியே கெடு முடிந்துபோன வழக்குகள் ஏராளம்.

எடுத்துக்காட்டாகச் செக் வழக்கு. பொள்ளாச்சி வியாபாரி ஒருவர் எருத்தேம்பதி விவசாயியிடம் தேங்காய் வாங்கிக்கொண்டு செக் கொடுக்கிறார். விவசாயி அதைக் கொழிஞ்சாம்பாறையில் தன் கணக்கில் போடுகிறார். பணமில்லை என்று திரும்பி வருகிறது. செக் கொடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர், பேச்சு நடந்தது பொள்ளாச்சி மண்டியில், ஆகவே வழக்கும் அங்கேதான் என்று பலரும் நினைக்கிறார்கள். 2015இல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142ஆம் பிரிவில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளை எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் வழக்கு. விவசாயி தன் ஊர்ப் பக்கத்திலேயே போடலாம். ஆனால் வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள். அதற்கும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும், பாதி வழக்குகள் பிழைத்துவிடும்.

இன்னொன்று, கட்டிக்கொடுத்த பெண். வடகரப்பதியிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போன பெண் அடிபட்டு, குழந்தையோடு தாய்வீடு திரும்புகிறாள். ‘அங்கே நடந்தது, அங்கேயே போய்ப் புகார் கொடு’ என்று அவளை அனுப்பிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம் என்று 27ஆம் பிரிவில் சொல்கிறது. அங்கே கிடைக்கும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். கணவர் வீட்டுக் கொடுமை குறித்த குற்ற வழக்கையும் அவள் அடைக்கலம் புகுந்த ஊரில் நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் ரூபாலி தேவி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தாலும் எந்த ஸ்டேஷனும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அவளோடு ஸ்டேஷன் வாசல் வரை போய், பிரிவு எண்ணைச் சொல்லி, மனுவுக்கு ரசீது வாங்கித் தருவதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர் போதும். அதன்பின் வழக்கறிஞர் தேவைப்பட்டால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண் என்பதாலேயே அவளுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. வருமான வரம்பு கேட்கக் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே.

சாதிச் சான்றிதழ்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. நம் பக்கத்துப் பெண்களில் பலருக்குப் பிரசவம் கோயம்புத்தூர், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, ரேஷன் கார்டு கேரளத்துடையது. பதினெட்டு வருடம் கழித்துப் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது வில்லேஜ் ஆபீசில் கேள்வி வருகிறது. போதாததற்கு, பட்டியல் சாதி, பழங்குடிச் சலுகை மாநில எல்லையைத் தாண்டித் தானாக வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்மானித்துவிட்டது. அதே சாதிப் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் இதே நிலைதான். எனவே தாத்தா காலத்திலிருந்தே குடும்பம் கேரளத்து எல்லைக்குள் இருந்தது என்று காட்டும் பழைய பள்ளிப் பதிவு, வரி ரசீது, வாக்காளர் பட்டியல் இவற்றைத் தேடி எடுக்க வேண்டும். முதலமடைப் பக்கத்துக் குடியிருப்புகளில் இந்த வேலைக்கு மட்டுமே ஒரு முழு நேர ஆள் வேண்டும் என்று நான் சொல்வேன்.

நிலம் பற்றி ஒன்றே ஒன்று. கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டக்கூடிய மேட்டு இடத்துக்குப் ‘புரையிடம்’ என்று போட்டிருப்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்து மலிவு என்று வாங்குகிறவர் இதைக் கவனிப்பதில்லை. 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் பிறகு வந்து வீடு கட்டும் வழியை அடைக்கும். பதிவு செய்யும் முன் வரி ரசீதையும், நெல்வயல்களைக் குறித்துவைத்திருக்கும் டேட்டா பேங்க் பட்டியலையும் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால் அந்தக் குடும்பம் தப்பிக்கும்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாமே நடைமுறைச் சட்டங்களையும் ஆவண வாசிப்பையும் சார்ந்தவை. ஒரு படிப்பு நல்லதா என்று பார்க்க நான் முதலில் புரட்டுவது அதன் பாடத்திட்டத்தில் உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், வரைவும் ஆவண எழுத்தும் ஆகிய தாள்கள் இருக்கின்றனவா என்பதைத்தான். பி.ஏ. லீகல் ஸ்டடீஸ் என்ற மூன்றாண்டுப் பட்டத்தில் அரசியலமைப்பு, சட்டக் கோட்பாடு, மனித உரிமை, சமூகவியல் என்று நல்ல பாடங்கள் இருக்கும். நடைமுறைத் தாள்கள் மெலிந்திருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. அந்தப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்யவும் முடியாது. நிறுவனங்களில் சட்ட இணக்க வேலை, ஆய்வு, சமூகப் பணி என்று போகிறவருக்கு அது பயன்படும். அதன் பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. படித்தால் மொத்தம் ஆறு வருடம்.

பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் எல்எல்.பி.க்கு 20 கட்டாயத் தாள்களையும் 4 பயிற்சித் தாள்களையும் வகுத்திருக்கின்றன. வரைவு, தொழில் நெறி, மாற்று முறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றமும் களப் பயிற்சியும் ஆகியவையே அந்த நான்கு. களப் பயிற்சி ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம். பல மாணவர்கள் இதைக் கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு முன்சீப் கோர்ட் வக்கீலிடம் சில வாரம், தாலூக்கா சட்டப் பணிகள் குழுவில் சில வாரம் உட்கார்ந்தால், வகுப்பில் புரியாத உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15 முதல் 20 வரையிலான பிரிவுகள் தானாகப் புரியும். எங்கே வழக்குப் போடுவது என்பதைச் சொல்லும் பிரிவுகள் அவைதான். அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ எல்எல்.பி. தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வகுப்புக்கு 70 சதவீத வருகை கட்டாயம்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஐந்தாண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் 45 சதவீதம் வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் மூன்றாண்டு வழியைச் சொல்வேன்: வீட்டில் சீக்கிரம் ஒரு சம்பளம் தேவை என்றால். அப்போது ஒரு பட்டம் முடித்து வேலைக்குச் சேர்ந்து, நிலைமை சீரான பின் எல்எல்.பி.க்கு வரலாம். தாமதமாக வந்து நல்ல வழக்கறிஞரானவர்கள் நிறையப் பேர்.

கல்லூரி விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். கேரளத்தில் திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய நான்கு இடங்களில் அரசு சட்டக் கல்லூரிகள். நமக்குப் பக்கம் திருச்சூர். மாநில நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு, சட்டத் திறன் ஆகியவற்றில் கேள்விகள் வரும். தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். கோயம்புத்தூர் கல்லூரி பஸ் தூரம். ஆனால் அரசு இடங்களில் அந்தந்த மாநிலத்தவருக்கே முன்னுரிமை. எந்த மாநிலத்தவர் என்று காட்டும் உங்கள் நேட்டிவிட்டி சான்றிதழ் கேரளத்துடையது என்றால் அங்கே வெளிமாநிலத்தவராகத்தான் பார்ப்பார்கள், இடஒதுக்கீடும் கிடைக்காது. ஆகவே கேரள நுழைவுத் தேர்வுக்கு முழு மூச்சாகத் தயாராகுங்கள்.

எங்கே படித்தாலும் தொழில் செய்வதில் தடையில்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. ஒரு மாநிலப் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேறியவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராகலாம். காலையில் சித்தூரிலும் மறுநாள் பொள்ளாச்சியிலும் நிற்கிற வழக்கறிஞர்கள் இங்கே புதிதல்ல. இரண்டு கவுன்சிலில் ஒரே நேரத்தில் பதிவு செய்யத்தான் முடியாது. பதிவுக் கட்டணம் பெரிய தொகை என்று உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்ற சட்டக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டுவிட்டது. பல ஏழை மாணவர்களுக்குக் கடைசிப் படியில் நின்ற சுவர் அது. அது இடிந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தமிழ் வழியில் படித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். குறை இல்லை, ஆனால் அது மட்டும் போதாது. உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும். கேரளத்தின் கீழ் நீதிமன்றங்களில் மலையாளமும் ஆங்கிலமும் நடக்கின்றன. தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ். மலையாளம் பேசத் தெரியும், எழுதத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விடுமுறையிலேயே எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களைக் கையெழுத்திலேயே படிக்கும் அளவுக்கு வர வேண்டும். இரண்டு எழுத்தும் தெரிந்த சட்ட ஆள் இந்த எல்லையில் மிகக் குறைவு. இன்னொரு உரிமையும் நம்மிடம் இருக்கிறது: கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. இதைத் தெரியாமல் எத்தனையோ முதியவர்கள் மனு எழுதக் காசு கொடுத்து ஆள் தேடுகிறார்கள்.

கல்லூரி திறக்கும் வரை படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தாலூக்காவிலேயே இருக்கிறது: பிளாச்சிமடை வழக்கு. பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது. 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட எரவாளர் பழங்குடிப் பெண்கள் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர், நிலம் வைத்திருப்பவர் இஷ்டப்படி எடுக்க முடியாது என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நிலத்தின் உரிமையாளருக்கு நீர் எடுக்கும் உரிமை உண்டு என்றது. ஆலை 2004இலேயே உற்பத்தியை நிறுத்தியது, பிறகு திறக்கவில்லை. 2010இல் அரசு நியமித்த உயர்நிலைக் குழு சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதாவை 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் அகராதி வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே உண்மைகளிலிருந்து இரண்டு அமர்வுகள் எப்படி வேறு வேறு முடிவுக்கு வந்தன என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பாருங்கள். சொத்துச் சட்டம், நிர்வாகச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம், பஞ்சாயத்துகளின் அதிகாரம் எல்லாம் அந்த ஒரு வழக்குக்குள் இருக்கின்றன. எழுதியதை எனக்கு அனுப்பினால் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.

அடுத்து செய்ய வேண்டியது. பதினெட்டு வயது முடிந்திருந்தால் சித்தூரில் தாலூக்கா சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போய், தன்னார்வலர் தேர்வு எப்போது என்று கேளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம். கையோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு புகைப்படம் கொண்டுபோங்கள். அன்றைக்கே வில்லேஜ் ஆபீசிலும் ஏறி, நேட்டிவிட்டி, வருமானம், சாதிச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். மூன்றிலும் உங்கள் பெயரும் அப்பா பெயரும் பள்ளிச் சான்றிதழில் இருப்பதுபோலவே, முதலெழுத்து உட்பட, ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். தமிழ் முதலெழுத்தை மலையாளத்தில் எழுதும்போது மாறிப்போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. சேர்க்கை நாளில் அதைத் திருத்த நேரம் இருக்காது.